குழாய்ச் சுருளும் தட்டைச் சுருளும்

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டுமென்று நான் ஆசைப்படவும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் பாகூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் இயற்பியல் டீச்சர். டியூப்லைட்டைக் கம்பி தொடாமலே எரியவைக்கும் உயர் மின்னழுத்தச் சுருள் ஒன்றை நகரத்துக் கண்காட்சிக்கு அனுப்புவதாக முடிவானது. நான் ஒன்று செய்தேன், கணக்கு சார் ஒன்று செய்தார். எது நீளமாகப் பொறி விடுகிறதோ அது போகும், செய்தவரும் கூடப் போவார். எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பெண் அப்படிப் போனதே இல்லை. எனக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கரும்புக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாயில் எனாமல் பூசிய கம்பியை நெருக்கமாகச் சுற்றினேன். சுற்று ஏற ஏற மின்னழுத்தமும் ஏறும். அடிமுனைக்கும் தலைமுனைக்கும் நடுவே இரண்டு முழம் இருப்பதால் பொறி உள்ளுக்குள் தாவாது. சார் கொசுவத்தி மாதிரித் தட்டையாகச் சுற்றினார். பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண்தான், அழுத்தம் ஏறினால் பொறி தன்மேலேயே பாயும்.

ஆயுதபூஜைக்குத் தலைமையாசிரியர் ஆய்வுக்கூடத்துச் சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்தார். சாரின் சுருள் அவர் வீட்டில் இருந்ததால் தப்பியது. என் குழாய்க்கு மட்டும், தண்ணீராய்க் கரைத்த சந்தனத்தை உச்சியிலிருந்து அடிவரை ஒரே பட்டையாக இழுத்துவிட்டார். வெளியே ஐப்பசி மழை. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், அன்றே சோதனை என்றார். மறுநாளும் சந்தனம் காயவில்லை. நான் துணியை எடுத்தேன்.

“அத்தத் தொடைக்காதம்மா. சாமிக்கு வெச்சது. நீ வேதக்காரப் பொண்ணு, உனுக்கு இன்னா தெரியும்?” என்றார்.

“ஈரம் சார். கரண்ட்டு அது வழியா எறங்கிடும்.”

“ஒண்ணும் ஆவாது” என்று சொல்லி அவரே சுவிட்சைப் போட்டார்.

பொறி அந்தப் பட்டை வழியாகவே இறங்கியது. எனாமல் கருகிப் புகைந்தது. சாரின் தட்டை அரைச் சாண் பொறி விட, எல்லோரும் கைதட்டினார்கள். நான் கிறிஸ்தவப் பெண்தான். ஈரத்தில் மின்சாரம் பாயும் என்று சொல்ல ஒருத்தி எந்த மதத்தில் பிறந்திருக்க வேண்டும்? தலைமையாசிரியரும் இயற்பியல் படித்தவர்தான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

விடவில்லை. புதுக் கம்பி வாங்கி மறுபடி சுற்றினேன். ஒரே மின்மாற்றியில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டித் தலைமையாசிரியருக்கும் சாருக்கும் காட்டினேன். என்னுடையது ஒரு முழம் பொறி விட்டது. தலைமையாசிரியர் வாயைப் பிளந்து பார்த்தார்.

“நல்லாத்தாம்மா கீது. ஆனா சாரு பேர அனுப்பிட்டேனே. ஒண்ணு பண்ணலாம். அவுரு உன்னுதையே எடுத்துக்கினு போவட்டும். எப்டியும் பள்ளிக்கூடத்துக்குத்தான பெரும?”

கணக்கு சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவிட்சை அணைத்தேன். மேசையிலிருந்த பிளேடை எடுத்து அத்தனை சுற்றையும் அறுத்தேன். கம்பி துண்டு துண்டாகத் தரையில் கொட்டியது.

“இப்ப எடுத்துக்கினு போவச் சொல்லுங்க சார்” என்றேன்.