குமிழி என்று எழுதிய ஒரு வரி

கடற்கரையில் ஒதுங்கிய சிறு திமிங்கிலத்தைப் பிணக்கூறாய்வு செய்து, அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, கால்நடை மருத்துவரான நான் விடுப்பில் கொடைக்கானலுக்கு வந்திருந்தேன். அப்பா மூட்டை இறக்கும் கடையில் நின்றபோது மேலதிகாரியின் போன்.

"தம்பி, அந்தக் குமிழி வரிய எடுத்துடுங்க. அழுகுனதால வந்த வாயுன்னு மாத்திக் கையெழுத்து வைங்க."

"சார், காலையில ஏழு மணிக்கு என் கண்ணு முன்னாடி செத்துச்சு. எட்டு மணிக்குக் கத்தி வச்சேன். ஒரு மணி நேரத்துல எப்படி சார் அழுகும்?"

"உங்களுக்கு அனுபவம் பத்தாது" என்று வைத்துவிட்டார்.

அனுபவமாம்! அவர் கரைக்கு வந்ததே பதினொரு மணிக்கு, படம் எடுத்துக்கொள்ள. இதயத்தின் மேல் ஓடும் குழாய்களில் இரத்தம் விட்டுவிட்டு, நடுவே காற்று மணிமணியாய் நின்றதைப் பார்த்தவன் நான்.

கடைக்கார பாய் சிரித்தார். "என்ன தம்பி, மலையேறியும் மீன் வாடை விடலையா?"

"மீனில்ல பாய், நம்மள மாதிரி மூச்சு விடுற சீவன்." தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டைத் தட்டினேன். "திண்டுக்கல்ல தொளதொளன்னு ஏத்துனது இங்க ஏன் இப்படி உப்பிக் கெடக்கு?"

"மேல வந்தா அழுத்தம் கொறையும்ல. அதான் காத்தைக் கம்மியா அடைக்கச் சொல்லுறேன். இல்லாட்டி ரெண்டு மூணு வெடிச்சே கெடக்கும்."

"அதே கததான். ஆழத்துல ரத்தத்துல கரைஞ்ச வாயு. மிரண்டுபோயி வெரசா மேல வந்தா, உள்ளயே குமிழியாயிரும்."

"இது அந்த சாருக்குத் தெரியாதாக்கும்?"

தெரியும். அதுதான் எனக்கு எரிந்தது. எதைக் கண்டு மிரண்டது என்று நான் எழுதவே இல்லை. தெரியாததை எப்படி எழுதுவது? ஆனால் ஆழத்தில் இவற்றை மிரள வைப்பது பெரும்பாலும் கப்பல்கள் எழுப்பும் பெருஞ்சத்தம்தான்; அந்த வரி இருந்தால், அன்று கடலுக்குள் என்ன சத்தம் கேட்டது என்று எவராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்குத்தான் பயம்.

"கையெழுத்தப் போட்டுட்டு சோலியப் பாருலே" என்றார் அப்பா, மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்.

"பொய்க்குப் போடவாப்பா படிக்க வச்சீக?"

அவர் மூட்டையோடு உள்ளே நடந்தார். அதிகாரியைத் திரும்ப அழைத்தேன். "என் பேர வேணா எடுங்க சார். வரிய எடுக்காதீங்க."

மறுவாரம் அறிக்கை வெளிவந்தது. இரண்டையும் எடுத்திருந்தார்கள். அதோடும் விடவில்லை. விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து நான் மூச்சு எண்ணிய உயிருக்கு, "கண்டெடுக்கும்போதே அழுகிய நிலை" என்று எழுதியிருந்தார்கள்.