ஊர் ஏக்கம் என்றார்கள்

அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் குடியேறியவர்களுக்கு மனசு சரியில்லை என்றால் அந்தக் காலத்தில் ஒரே மருந்துதான்: மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட். தூக்கம் வரவில்லையா, ஊர் ஏக்கம். சோறு இறங்கவில்லையா, அதுவும் ஊர் ஏக்கம். என்னையும் பார்த்த மாத்திரத்தில் அப்படியே முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கோ ஊர்மேல் ஓர் ஏக்கமும் இல்லை. அங்கே இருந்தபோதும் இப்படித்தான் இருந்தேன். நெஞ்சுக்குள் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். துக்கம் என்றால்கூடப் பரவாயில்லை, அழுது தீர்த்திருக்கலாம். காலையில் ஒருத்தியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவேன், மாலையில் அவள் முகத்தில் விழிக்க மாட்டேன். வெறுமை தாங்காத நாட்களில் என்னை நானே காயப்படுத்திக்கொண்டேன். கேட்டவர்களிடம் பிரம்புமுள் கிழித்தது என்றேன். காட்டோரம் குடியிருந்த எல்லார் கையிலும் கீறல் இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

அரசாங்க குமாஸ்தாவான என் கணவர் நாயாய் அலைந்து சென்னைக்கு ஒரு டிக்கெட் வாங்கிவந்தார். நான் மட்டும் தனியாகப் போவதாக ஏற்பாடு. அன்றே நான் சாந்தமாகிவிட்டேன். மருந்து வேலை செய்கிறதென்று அவருக்கு ஒரே சந்தோஷம். பாவம், மனிதருக்கு என்ன தெரியும்? நான் போய்ச் சேரப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கப்பலேறும் ஆளிடம் அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஊருக்குப் பொட்டலம் கொடுத்துவிடுவார்கள். பாக்கு, சிப்பி, கருவாடு, கடிதம். மாட்டேன் என்று சொல்லும் வழக்கமே இல்லை. நான் சொன்னேன். அடுத்தவர் பொருள் என்னோடு சேர்ந்து தொலைய வேண்டாம் என்கிற அளவுக்கு நேர்மை மிச்சமிருந்தது. "திமிரப் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

மளிகைக் கடைக்காரரின் மனைவி ராமநாதபுரத்துக்காரர். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல, எல்லாரையும்போல நானும் அவரை ராத்தா என்றே கூப்பிடுவேன். அவர் மட்டும் கோபித்துக்கொண்டு போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க உம்மாவுக்குக் கொஞ்சம் பாக்குதான் புள்ள. அதக்கூட வாங்க மாட்டேங்கிறியே. போய்ச் சேர்ற எண்ணமே இல்லியா? செத்துப்போகலாம்னு இருக்கியா?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "ஆமா ராத்தா" என்றேன்.

அவர் அலறவில்லை, புத்தி சொல்லவுமில்லை. என் கையைப் பிடித்தவர், என் கணவர் வேலை முடிந்து வரும்வரை விடவில்லை. அவரிடம் நேராகவே சொன்னார்: "டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க தம்பி. இவளத் தனியா விடக்கூடாது. போர்ட் பிளேர்ல டாக்டர்ட்ட காட்டுவோம். நானும் வர்றேன்."

என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ராத்தா சொன்னபடி கூடவே வந்தார். திரும்பிய பிறகு பல மாதங்கள், கணவர் அலுவலகம் போனதும் நான் கடையின் பின்கட்டில் ராத்தாவோடுதான் இருந்தேன். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டியிருக்கிறேன். மறுநாள் நான் போகவில்லை என்றால் அவரே வந்து அழைத்துப்போவார்.

இந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டென்று வெகுகாலம் கழித்துத்தான் ஒரு மருத்துவர் சொன்னார். வெறுமை இன்றும் எப்போதாவது வருகிறது. வந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அதற்கு எனக்குத் துணிவு கொடுத்தவர் ராத்தா. அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எப்படிச் சொல்வதென்று இன்னமும் தெரியவில்லை.

அப்படிக் கேட்கப் பயமாக இல்லையா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"பயந்துக்கிட்டேதான் கேட்டேன். நீ ஆமான்னதும் பயம் போயிருச்சு. இனி உன் பக்கத்துலயேதான் உக்காரணும்னு தெரிஞ்சுபோச்சுல்ல."