தாலியை விடாத கை

பெரிய அத்தை மகள் கல்யாணத்தில் தாலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை நான்தான். எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் சிலர் என்னை அப்படித்தான் அடையாளம் சொல்கிறார்கள். அது அடமில்லை என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஆனாலும் கதை என்னவோ அடத்தோடு சொன்னால்தான் சுவையாக இருக்கிறது. நானும் திருத்தப் போவதில்லை.

எனக்குப் பிறவியிலேயே செரிப்ரல் பால்சி. கால்கள் இரண்டும் விறைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பேன். கைகளுக்குக் குறையில்லை. அதிலும் வலக் கை கெட்டிக்காரக் கை. வகுப்பில் என் கையெழுத்துதான் அழகு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எனக்குச் சுத்தமாகவே இல்லை. ஒன்பது வயதில் ஸ்ட்ரோக் வந்து அந்தக் கையை எடுத்துக்கொண்டது. வந்ததுதான் வந்தது, காலுக்கே வந்திருக்கக் கூடாதா, அங்கேதான் ஏற்கெனவே ஒன்றுமில்லையே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் கேட்டேனாம். அம்மா சிரித்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

இந்த ஸ்ட்ரோக்கை அப்பா சொந்தக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்ததை மறைக்க முடியாது, அதனால் காய்ச்சல் என்றார். மூளைக் காய்ச்சலா என்று கேட்டவர்களிடம் அந்த மாதிரிதான் என்றார். ஸ்ட்ரோக் வயதானவர்களுக்கு வருவது, ஒரு பிள்ளைக்கு வந்தது என்றால் எந்த ஜென்மத்துப் பாவம் என்று ஆராய உட்கார்ந்துவிடுவார்கள், என் காலை வைத்து ஒரு முறை ஆராய்ந்து முடித்தவர்கள்தானே என்று அம்மாவிடம் காரணம் சொன்னார். அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் கிள்ளானிலிருந்து என்னையும் வாக்கரையும் ரயிலில் ஏற்றி, பிரிக்ஃபீல்ட்ஸ் தெரபி நிலையத்துக்குப் போய்வருவதற்குள்ளேயே அவருக்குத் தெம்பு தீர்ந்துவிடும். சண்டைக்கு மிச்சமிருக்காது.

வீட்டிலும் அம்மா விடமாட்டார். ஒரு கிண்ணத்தில் வறுத்த கடலையைக் கொட்டி, வலக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடச் சொல்வார். கொஞ்ச நாளில் எடுக்க வந்துவிட்டது, போடத்தான் வரவில்லை. விரல்கள் மூடினால் மூடியதுதான். நான் பதறினால் இன்னும் இறுகும். கடலை என் உள்ளங்கையில் நசுங்கிப் போகும்.

அப்பாவுக்கு அந்தக் கடலை வித்தையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர், எந்தச் சிக்கலுக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார். "மலாய்க்காரங்க எப்படிக் குடுப்பாங்க, பாத்திருக்கியா? வலது கைல குடுப்பாங்க, எடது கைய மணிக்கட்டுல தாங்கிப் புடிச்சுக்குவாங்க. எவ்வளவு மரியாதையா இருக்கும்! நீயும் அப்படிச் செய், பாப்பா" என்றார். அதாவது, செத்த கையை நல்ல கை தூக்கிக்கொண்டு போகவேண்டும். பார்ப்பவர்களுக்கு அது பணிவாகத் தெரியும்.

தெரிந்தது. கோயிலில் திருநீறு வாங்க நான் கை நீட்டிய விதத்தைப் பார்த்துக் குருக்களே ஒரு நொடி நின்றுவிட்டார். பக்கத்திலிருந்த ஓர் ஆன்டி தன் மகனின் முதுகில் ஒன்று வைத்து, "பாரு, அந்தப் பிள்ளையப் பாத்துக் கத்துக்கோலா" என்றார். அந்தப் பையன் என்னை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். நொண்டி என்பதற்குமேல் ஒரு பெயர் அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

தெரபிஸ்ட் அக்காதான் கண்டுபிடித்தார். "இந்தக் கைக்கு நீங்க ஒரு வேலக்காரி வெச்சுக் குடுத்திருக்கீங்க, அப்பறம் அது ஏன் வேல செய்யும்? இப்ப விட்டா இதோட போச்சு" என்று அம்மாவிடம் கடிந்துகொண்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் பேசினார். பெரிய அத்தை வீட்டுக் கல்யாணம் முடியட்டும், அதற்கப்புறம் உன் இஷ்டம் என்று அப்பா கெஞ்சினார். அந்த ஒரு நாளை அம்மா விட்டுக்கொடுத்தார்.

கல்யாணம் கிள்ளானிலேயே ஒரு மண்டபத்தில். தாம்பூலப் பை போட ஆள் போதவில்லை என்று அம்மாவைப் பின்னறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் பட்டுப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தேன். தேங்காயின் மேல் தாலியை வைத்து, எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டில் ஏந்தி வருவார்களே, அதைப் பெரிய அத்தையே எடுத்து வந்தார். சிறுபிள்ளைகளிடம் தட்டை நீட்டும் வழக்கமில்லை. ஆனால் என் மரியாதையின் புகழ் அத்தை வரைக்கும் போயிருந்தது.

"நீயும் தொட்டுக்கோ பாப்பா. உன்ன மாதிரிப் பிள்ள தொட்டா அக்கா நல்லா இருப்பா."

இடக் கையால் வலக் கையைத் தூக்கிக் கொண்டுபோய் வைத்தேன். மஞ்சள் கயிறு விரலில் பட்டது. விரல்கள் மூடிக்கொண்டன.

அத்தை சிரித்துக்கொண்டே தட்டை இழுத்தார். கையும் கூடவே போனது. "விடும்மா" என்றார். விட நினைத்தேன், நினைக்க நினைக்க இறுகியது. ஐயர் மணவறையிலிருந்து எட்டிப் பார்த்து முகூர்த்தம் போகிறது என்றார். வீடியோ எடுக்கிறவர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு விளக்கை என் முகத்துக்குத் திருப்பினார். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் என் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தார். எனக்கு உயிர் போயிற்று. தாலி விஷயத்தில் இது என்ன சகுனம் என்று யாரோ பின்னால் கேட்டது காதில் விழுந்தது.

அப்பா குனிந்து, "விளையாடாத பாப்பா, விடு" என்றார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "சும்மா சேட்டை பண்றா" என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வலியிலும் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. சேட்டை செய்யும் பிள்ளை என்று ஊரார் முன்னால் யாரும் என்னைத் திட்டியதில்லை. ஐயோ பாவம் என்று யாரும் சொல்லாத ஒரு கூட்டத்தின் நடுவில், கைகால் நன்றாக இருக்கும் பிள்ளைகளைத் திட்டுவதுபோல என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் அம்மா வந்துவிட்டார். "வெரல இழுக்காதீங்க! அவளுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. அந்தக் கை தானா தெறக்காது" என்று மண்டபத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார். மண்டியிட்டு, என் மணிக்கட்டைக் கீழ்ப்பக்கம் மெல்ல மடக்கி, கட்டைவிரலை வெளியே எடுத்தார். கை திறந்தது. வேர்வையில் நனைந்த கயிற்றின் மஞ்சள் என் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

"ஸ்ட்ரோக்கா? பிள்ளைக்கா?" என்றார் அத்தை. பிறகு அப்பாவைப் பார்த்து, "காய்ச்சல்னு சொன்னியே, தம்பி?" என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கெட்டிமேளம் கொட்டித் தாலி கட்டியாயிற்று. அட்சதை போட்டுவிட்டுப் பெண்கள் வரிசையாக வந்து என் கன்னத்தைத் தடவி உச்சுக்கொட்டினார்கள். கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு, நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று உட்கார்ந்திருந்தேன். எனக்கு அம்மா மேல்தான் கோபம். சேட்டைக்காரியாகவே விட்டிருக்கலாமே.

சாப்பிடாமல் கிளம்பினோம். அப்பா வண்டி நிறுத்துமிடத்தில், ஏர்கோன்கூடப் போடாமல் காருக்குள் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஏறியதும், "அன்னிக்கும் இதத்தானே சொன்னேன்" என்றார். "போதுங்க, பிள்ள இருக்கா" என்றார் அம்மா. எந்த அன்றைக்கு என்று எனக்கு விளங்கவில்லை. சபையில் அவர் மானத்தை வாங்கிவிட்டேன் என்று மட்டும் விளங்கியது. "சாரிப்பா, இனிமே தாலியத் தொடமாட்டேன்" என்றேன். அவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்ட்ரோக் வந்த காலையில் அம்மா விடிவதற்கு முன்பே ஃபேக்டரிக்குப் போயிருந்தார். என்னைக் கிளப்பியது அப்பாதான். பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது, கை வரவில்லை என்றேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வீட்டில் நான் போடாத நாடகமில்லை. விளையாடாதே பாப்பா என்று சொல்லி, சட்டைப் பொத்தானெல்லாம் அவரே போட்டுவிட்டு, தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளி வேனில் உட்காரவைத்தார். பள்ளிக்கூடத்திலிருந்துதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எப்போது தெரிந்தது, ஏன் உடனே கூட்டிப் போகவில்லை என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்றுதான் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். அதெல்லாம் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. அந்தக் காலையில் என் மனதில் தங்கியது ஒன்றுதான், அப்பா எனக்குப் பொத்தான் போட்டுவிட்டது. அதற்கு முன்னால் அவர் அப்படிச் செய்ததே கிடையாது. கல்யாணத்துக்கு அப்புறம் விஷயம் தெரிந்து, எனக்கு ஸ்ட்ரோக் வந்த அன்றைக்கு அப்பா எவ்வளவு அன்பாக இருந்தார் தெரியுமா என்று வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.