துரையின் மூக்கு

இறந்த உடலுக்கு மருந்தேற்றிக் கெடாமல் வைக்கவும், சிதைந்த முகத்தை மெழுகால் சரிசெய்யவும் நான் சென்னையில் கற்றிருந்தேன். அதைச் சொல்லிக்கொடுக்க உத்தமபாளையத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அது 1930-களின் கடைசி. மேகமலை எஸ்டேட்டுகளில் வெள்ளைக்காரர் யாராவது இறந்தால், சொந்தக்காரர்கள் ரயிலேறி வந்து சேரும்வரை உடல் தாங்க வேண்டும். அதற்குத்தான் இந்த வகுப்பு.

மாணவர்கள் இரண்டே பேர். காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் ஒருவர், கம்பத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. இன்னொருவர் என்னைவிடப் பத்து வயது மூத்த வார்டு அம்மா. ஆறு வாரம் மெழுகில் மூக்கும் காதும் செய்தே கழிந்தது. ஜன்னல் விளிம்பு முழுக்க மூக்குகள்.

"மலையில எல்லாரும் நல்லாத்தான் இருக்காக சார்," என்றார் வார்டு அம்மா ஒருநாள். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எங்கள் மூவருக்குமே தெரியவில்லை.

பிறகு ஒரு துரை குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். லாரியில் மலையேறினோம். உடலில் ஏற்றிய பார்மலின் மருந்தின் நெடியில் மூவர் கண்ணிலும் தாரைதாரையாக நீர். பங்களா சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "முன்னப்பின்ன தெரியாத மனுசனுக்கு இம்புட்டு அழுகுறீகளே," என்று தழுதழுத்துவிட்டு, காப்பி கொண்டுவந்து வைத்தார். டிரெஸ்ஸர் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

துரையின் மூக்கு நொறுங்கியிருந்தது. பக்கவாட்டில் எடுத்த போட்டோ ஒன்றுதான் கிடைத்தது. அதைப் பார்த்து இருவரும் புது மூக்கு செய்தார்கள். நான் கை வைக்கவே இல்லை.

ஊட்டிக்குப் போயிருந்த துரைசானி மூன்றாம் நாள் வந்தார். வெகுநேரம் முகத்தையே பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார்.

"ரொம்ப அழகு. ஆனா என் புருசன் மூக்கு வளைஞ்ச மூக்கு," என்றார், எஸ்டேட்டில் பழகிய தமிழில்.

வார்டு அம்மா சற்றும் அசராமல், "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

துரைசானி தம் விரலாலேயே மெழுகை இடப்பக்கம் மெல்லத் தள்ளினார். "இப்ப அவர்தான்," என்றார். அதன்பிறகுதான் அழுதார். அழுதுகொண்டே வார்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மலையிறங்கும்போது எங்களுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. சாவு வீட்டிலிருந்து வருகிறோம் என்ற நினைப்பு வந்ததும் வாயை மூடுவோம். டிரைவர் திரும்பிப் பார்ப்பார். மறுபடி பீறிடும்.

"சார், நாங்க பாஸா?" என்றார் டிரெஸ்ஸர்.

"பாஸ்தான்."

"அப்ப அந்தத் தொரைசானிக்கும் ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க சார்," என்றார் வார்டு அம்மா.

சின்னமனூரில் மூன்று தரம் கை கழுவிவிட்டு, ஆளுக்கு எட்டு இட்லி தின்றோம்.