மாலுமியின் முதுகில் ஒரு வரி

உலக வரலாற்றில் யாருடைய பெயரும் என் தலையில் நிற்பதில்லை. முகம் நிற்கும், செய்த காரியம் நிற்கும், பெயர் மட்டும் நழுவிவிடும். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் மூன்று மார்க்கில் நான் பெயிலானதற்கு இந்தப் பெயர்கள்தான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அந்தக் கோபத்தில் இங்கே ஒருவர் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர்கள் என் காலை வாரிவிட்டார்கள், நானும் அவர்களை அப்படியே விட்டுவிடுகிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா, “பொண்ணு பத்தாவது படிச்சிருக்குதுங்க” என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. படித்தேன்தான். ‘பாஸ்’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார், “எங்க பையனும் பத்தாவது பாஸுங்க” என்றார்கள். பொருத்தம் பிரமாதம் என்று அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். அந்த நிமிடத்திலிருந்து நான் பத்தாவது பாஸ்.

இருபத்து நான்கு வருடம் அந்தப் பொய்யோடு குடித்தனம் நடத்தினேன். ரேஷன் கடை நோட்டீஸ், கரண்ட் ஆபீஸ் கடிதம், எது வந்தாலும் என் கணவர் என் பக்கம் நீட்டி, “படிச்ச பொண்ணு, நீ பாத்து சொல்லு” என்பார். தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வேனோ என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிப்பேன். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தாயின் கல்வித் தகுதி என்ற இடத்தில் ‘எஸ்.எஸ்.எல்.சி.’ என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்கும் தெரிவதற்குள் அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். தனித்தேர்வராக அந்த ஒரு பாடத்தை எழுதலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய புத்தகக் கடையில் ஒன்பதாவது, பத்தாவது சமூக அறிவியல் புத்தகங்களை வாங்கி, வேலை செய்யும் இடத்தில் அச்சுகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். நாற்பத்து மூன்று வயதில் பாடப்புத்தகத்தை ஒளித்துவைக்கிற பெண்ணை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

வேலை விருத்தாசலம் பீங்கான் பேட்டையில். சின்ன யூனிட்தான். கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதுவது, மீசை வைப்பது, ஜரிகை இழுப்பது எல்லாம் நான். என் கணவர் அங்கேயே குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறார்.

ஒரு ஆடி மாதம், மங்கலம்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை யூனிட்டுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். பள்ளியில் வரலாற்றுக்கென்று ஒரு அறை ஒதுக்கியிருக்கிறாராம். உலக வரலாற்றில் பெரிய காரியம் செய்த முப்பது பேரைப் பொம்மையாகச் செய்துதர வேண்டும் என்று படங்களோடு ஒரு பட்டியல் கொடுத்தார். முன்பக்கம் பெயர், முதுகில் அவர் செய்த காரியம் ஒரே வரியில். “பசங்க முதல்ல முகத்தப் பாத்து இவரு என்ன செஞ்சாருன்னு யோசிக்கணும், அப்புறம் திருப்பிப் பாக்கணும்” என்றார். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முப்பது பேருக்கும் புது அச்சு செய்தால் கட்டுப்படியாகுமா? முதலாளி சாமர்த்தியக்காரர். இருக்கிற கொலு அச்சுகளை வைத்தே உலக வரலாற்றை முடித்துவிட்டார். போர்க்களத்து ஆஸ்பத்திரியில் விளக்கோடு நடந்த நர்ஸம்மா எங்கள் பாவை விளக்கு அச்சிலிருந்து வந்தார். கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கும் குள்ளமான சக்கரவர்த்தி, மளிகைக்கடைக்காரர் பொம்மையின் தொப்பையைச் சீவியதும் கிடைத்துவிட்டார். ரிஷி அச்சின் தாடி மட்டும் நான்கு பேருக்குப் போயிற்று. விஷம் குடித்த கிரேக்க அறிஞருக்கும் குரங்கிலிருந்து மனிதன் வந்த கதையை எழுதியவருக்கும் ஒரே தாடிதான். நிலவில் முதலில் கால் வைத்தவருக்கு மட்டும்தான் புது அச்சு. அவருக்குத் தோதாக எங்களிடம் யாரும் இல்லை.

கப்பல்காரர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவர் இந்தியாவைத் தேடிக் கிளம்பி அமெரிக்காவில் போய் இறங்கியவர். இன்னொருவர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்கே வந்து சேர்ந்தவர். இருவருமே எங்கள் படகோட்டி அச்சு. அச்சிலிருந்து எடுத்ததும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஈரமாக நின்றார்கள். இவர்களுக்குத் தாடி எல்லாம் பிறகு பெயின்ட்டில் வருவது.

மண் பாதி காய்ந்ததும் ஊசியால் எழுத்துக் கீறுவது என் வேலை. எழுதி எழுதிப் பாடம் பதிந்துவிடும் என்று எனக்கு ஒரே குஷி. பத்துப் பொம்மை வரைக்கும் பட்டியலைப் பார்த்து எழுதினேன். பிறகு திமிர் வந்துவிட்டது. பெயரை மட்டும் பார்த்து முன்னால் எழுதிவிட்டு, முதுகு வரியை மனதிலிருந்து எழுதத் தொடங்கினேன். என்னை நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். பொம்மைகள் இரண்டு முறை சூளைக்குள் போய்ப் பளபளவென்று வெளியே வந்தன, வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம், என் கணவர் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடல் வழி கண்டுபிடித்த பாடம். படித்ததும் கையிலிருந்த தயிர்சாதம் கையிலேயே நின்றுவிட்டது. இருவர் முதுகையும் மாற்றி எழுதியிருக்கிறேன். அமெரிக்காவுக்குப் போனவர் முதுகில் கோழிக்கோடு, கோழிக்கோட்டுக்கு வந்தவர் முதுகில் அமெரிக்கா. வேறு யாரை மாற்றியிருந்தாலும் பரவாயில்லை. அமெரிக்காவில் இறங்கிய மனிதர் ஏற்கெனவே ஒரு தடவை இடம் மாறிப் போனவர்.

முதலில் அவமானமாக இருந்தது. கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சந்தோஷமும் வந்தது. அந்தக் காலத்தில் பெயிலானவளுக்கு மார்க் மட்டும்தான் வந்தது. எந்தக் கேள்வியில் தப்பு செய்தேன் என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் தப்பு எது என்று நானே கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் அது சூளையில் வெந்து, அழிக்க முடியாமல், ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் நிற்கிறது.

முதலாளியிடம் சொன்னேன். “யாரு திருப்பிப் பாக்கப்போறாங்க? வுடும்மா” என்றார்.

“திருப்பிப் பாக்கத்தான அண்ணே எழுதச் சொன்னாங்க” என்று கத்திவிட்டேன். முதலாளியிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் பயந்துபோய் அடுத்த சூளையில் இரண்டு படகோட்டிகளுக்கு இடம் கொடுத்தார். இந்த முறை பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி எழுதினேன்.

புதுப் பொம்மைகளோடு என் கணவர் வண்டியிலேயே பள்ளிக்குப் போனேன். பொம்மையில் சின்னக் குறை என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். தலைமை ஆசிரியையின் அறையில் அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். நான் இரண்டு மாலுமிகளையும் மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். தலைமை ஆசிரியை பழைய பொம்மைகளைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பிப் பார்த்தார்.

“அட, நானும் கவனிக்கலயே. டீச்சருங்க யாரும் கவனிக்கல” என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்.

“சோசியல் புக்கு படிக்கறப்ப பாத்தேங்க.”

“யாரு, பொண்ணு பத்தாவது படிக்குதா?”

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்பது கதவோரம் நிற்கிற மனிதருக்குத் தெரியும். வேறொரு பொய்யைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. பொய்க்கும் ஒரு வயது உண்டு போலிருக்கிறது, எனக்கு அலுத்துவிட்டது.

“எனக்குத்தாங்க. நான் பத்தாவது பெயிலு. சோசியல்ல. இப்ப எழுதலாம்னு படிக்கறேன்” என்றேன். கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

தலைமை ஆசிரியை சரியான மாலுமிகளை வரிசையில் வைக்கச் சொன்னார். பழையவர்களை நான் எடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். “இது இங்கயே இருக்கட்டுங்க. தனியா ஒரு மேசையில வச்சி, இதுல ஒரு தப்பு இருக்குது, கண்டுபிடின்னு எழுதி வைக்கப்போறேன். உங்களுக்குச் சந்தேகம் எதுனா இருந்தா சனிக்கிழமையில வாங்க, நான் இருப்பேன்.”

திரும்பி வரும்போது என் கணவர் மங்கலம்பேட்டை டீக்கடையில் வண்டியை நிறுத்தி இரண்டு டீ வாங்கினார். ஒரு டீ முழுக்கக் குடித்து முடித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“என்னாங்க, திட்டணும்னா திட்டிடுங்க.”

“நான் எட்டாவது” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“எட்டாவதுக்கு மேல ஸ்கூலு பக்கம் போவல. பொண்ணு படிச்ச பொண்ணுன்னு எங்க வூட்ல பாஸுன்னு சொல்லி வச்சிட்டாங்க. எங்க நீ கண்டுபிடிச்சிடுவியோன்னுதான் எந்தக் காயிதம் வந்தாலும் உங்கிட்டயே குடுத்துட்டு இருந்தேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு எட்டாவதுக்காகவா நான் இருபத்து நான்கு வருடம் பயந்து செத்தேன்! டீக்கடை என்றும் பார்க்காமல் நன்றாக ஏசினேன். ஏசிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். டீ போடுகிறவர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மகளிடம் அன்றைக்கே சொன்னோம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கோபம் நியாயம்தான், எழுதியது அவள் கையெழுத்து. மூன்றாம் நாள் காலையில் இட்லித் தட்டுப் பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. பத்துக் கேள்விகள், கீழே ‘பார்க்காமல் எழுதவும்’ என்று கோடு போட்டிருந்தாள். அதன் பிறகு தினமும் ஒரு தாள் வந்தது. புத்தகம் அச்சு அலமாரியிலிருந்து வீட்டுக்கு வந்தது.

சித்திரை வெயிலில் பரீட்சை எழுதினேன். குட்டி யானையில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, முடியும் வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தார் என் கணவர். அந்த இரண்டு கப்பல்காரர்களும் வினாத்தாளில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, படுபாவிகள். விளக்கேந்திய நர்ஸம்மாவும் வரவில்லை. ஆனாலும் எழுத நிறைய இருந்தது. பெயர் வராத இடத்தில் முகத்தை நினைத்தேன். முகத்துக்குக் கண் எழுதியது நான்தானே, அதைப் பிடித்துக்கொண்டே பெயரும் பாதிக்கு மேல் வந்தது. வைகாசியில் மகள் போனில் பார்த்துச் சொன்னாள். பாஸ். முதல் தடவை குறைந்த மூன்று மார்க்கும் வந்து, அதற்கு மேலும் வந்திருந்தது. மூன்று பேரும் அழுதோம், பிறகு கேசரி கிளறினேன்.

பள்ளி திறந்ததும் விழாப் பரிசுக்கான பொம்மைகளை இறக்கப் போனோம். வரலாற்று அறையில் முப்பது பேரும் வரிசையாக நின்றார்கள். பிள்ளைகள் கூட்டம் அவர்களிடம் இல்லை, ஜன்னலோரத்து மேசையில் இருந்தது. கூட்டம் கலைந்ததும் ஒரு சின்னப் பெண் மட்டும் நின்று மாலுமியை இரண்டு கையாலும் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் யாரென்று தெரியாது.

“இதுல என்னா தப்பு பாப்பா?” என்று கேட்டேன்.

“இவரு நம்ம நாட்டுக்கு வரவே இல்ல ஆன்ட்டி. வரணும்னு கிளம்பி அமெரிக்கா போயிட்டாரு. கோழிக்கோட்டுக்கு வந்தது பக்கத்துல இருக்காரே, அவரு. முதுவுல மாத்தி எழுதிட்டாங்க.” அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எழுதினவங்க சோசியல்ல பெயில் போல.”

பெட்டியோடு உள்ளே வந்த என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆமா பாப்பா, பெயிலுதான்” என்றேன். “போன மாசந்தான் பாஸ் பண்ணாங்க.”