கால் வைக்க இடம்

கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் பென்சிலால் வரைந்த நீளமான கூரை. ஓரங்களில் அடிக்கணக்கு, வடக்கைக் காட்டும் சின்ன அம்பு, நடுவே பதினான்கு பெருக்கல் குறிகள். அவர் அதை என் மேசையில் வைத்தபோது தாளோடு ஊதுபத்தி வாசனையும் வந்தது. நஞ்சன்கூடு சாலையில் இருந்த ஒரு ஊதுபத்தித் தொழிற்சாலையின் கொட்டகைக் கூரை அது. அன்று காலை முழுக்க அவர் அதன் மேலும் கீழும் இருந்து அளந்திருந்தார். பெருக்கல் குறிகளைக் காட்டி, "இதெல்லாம் ஃபைபர் ஷீட்டுங்க அம்மிணி. உள்ள வெளிச்சம் வரட்டும்னு போட்டது. மேல இருந்து பாத்தா தூசி படிஞ்சு தகர ஷீட்டு மாதிரியேதான் இருக்குது. நான் உள்ள போயி அண்ணாந்து பாத்துத்தான் எண்ணுனேன்" என்றார்.

நாங்கள் அவரைச் சர்வேயர் அண்ணா என்றுதான் அழைப்போம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். மைசூருவில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். மனைவியும் மகளும் ஊரில். அக்ரஹாரத்தில் பூஜைச் சாமான் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். சோலார் பேனல் மாட்டித் தரும் சிறிய நிறுவனம். மொத்தம் ஒன்பது பேர். அவர் கூரையை அளந்து வருவார். நான் அந்த அளவுகளை டிசைன் மென்பொருளில் ஏற்றிக் கூரையைத் திரும்பக் கட்டுவேன். அது எந்தத் திசையைப் பார்க்கிறது, எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, தண்ணீர்த் தொட்டியின் நிழல் மார்கழியில் எவ்வளவு தூரம் விழும் என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தால், மென்பொருள் நீல நிறச் செவ்வகங்களை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டும். வரிசைக்கும் வரிசைக்கும் இடையே எவ்வளவு விட வேண்டும் என்பதை ஒரு பெட்டியில் எண்ணாகத் தட்ட வேண்டும். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அலுவலகத்தில் எல்லோரும் கன்னடம். நாங்கள் இருவர் மட்டும் தமிழ். நான் மைசூருவிலேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் கற்றுத் தந்தது. பேச்சின் நடுவில் 'அப்படியா' என்பதற்குப் பதில் எனக்குத் தெரியாமலே "ஹௌதா" என்று வந்துவிடும். அவர் சிரிப்பார். "அம்மிணி தமிழுக்கு நடுவுல நடுவுல மைசூருக்குப் போயிட்டு வருது" என்பார். வரைபடம் முடிந்ததும் அதை அச்செடுத்து அவரிடம் கொடுப்பது வழக்கம். அவர் படிப்பதில்லை, நடப்பார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கால்களாக்கி, ஏணி வைக்கும் மூலையிலிருந்து ஒவ்வொரு வரிசை வழியாகவும் மெதுவாக நடத்திக்கொண்டு போவார். விரல்கள் எங்காவது நின்றால் அங்கே என் வேலையில் பிழை இருக்கிறது என்று பொருள். "நீங்க கம்ப்யூட்டர்ல கோடு போடறீங்க, நாங்க அது மேல நடக்கறமுங்க" என்று ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு இடைவெளிப் பெட்டியில் எண்ணைத் தட்டும்போதெல்லாம் அந்த இரண்டு விரல்களும் எனக்குத் தெரியும்.

ஊதுபத்திக் கொட்டகையின் முதல் வரைபடம் அவர் விரல்களுக்குத் தடையின்றி வழிவிட்டது. பதினான்கு ஃபைபர் ஷீட்டுகளையும் பேனல் வைக்கக்கூடாத இடங்களாகக் குறித்து, அவற்றை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு நடைவழி விட்டிருந்தேன். அவருக்குத் திருப்தி. ஆனால் தொழிற்சாலை உரிமையாளருக்கு இன்னும் பன்னிரண்டு பேனல்கள் வேண்டியிருந்தன. எங்கள் மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "ஹேகாதரூ மாடம்மா" என்றார். எப்படியாவது செய்து கொடு என்று அர்த்தம். மிரட்டல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பேனல்களைக் குறுக்கே திருப்பிப் பார்த்தேன், ஓரத்தை இழுத்துப் பார்த்தேன், ஆறுதான் கூடியது. பிறகு நடைவழிப் பெட்டியில் அறுநூறு மில்லிமீட்டர் என்று இருந்ததை அழித்து இருநூற்றைம்பது என்று தட்டினேன். நீலச் செவ்வகங்கள் ஒரு நொடி கலைந்து மறுபடி அடுக்கிக்கொண்டன. பன்னிரண்டும் உட்கார்ந்துவிட்டன. பேனல் பேனலோடு மோதினால் அந்த மென்பொருள் சிவப்பாகக் கத்தும். மனிதனின் பாதம் எவ்வளவு அகலம் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மேனேஜர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். சர்வேயர் அண்ணா அப்போது சாமராஜநகரில் வேறொரு கூரையில் இருந்தார். வரைபடம் அவர் விரல்களுக்கு அடியில் போகாமலே நேராகத் தளத்துக்குப் போனது.

நான்கு நாள் கழித்து, காலை பத்தரை மணி இருக்கும், என் செல்போன் மேசைமேல் அதிர்ந்தது. சர்வேயர் அண்ணா. அன்று அவர் அந்தக் கொட்டகையில் பேனல் வரிசைகளுக்குச் சாக்பீஸ் கோடு போடப் போயிருக்கிறார் என்று தெரியும். எதற்குக் கூப்பிடுகிறார் என்பதும் தெரியும். இப்போது எடுத்தால் அவர் கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும், பிறகு மேனேஜரிடம் போய் நிற்க வேண்டும். மத்தியானம் பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அது மறுபடியும் அதிர்ந்தது. நான் விரலை மவுஸிலிருந்து எடுக்கவில்லை.

பதினோரு மணிக்கு மேனேஜரின் போன் அடித்தது. எழுந்து நின்று பேசிய அவர், பேசிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

இடுப்புக் கயிற்றை மாட்டும் கம்பி அன்று மதியம்தான் கட்டப்படுவதாக இருந்தது. அதற்கு முன்பே கோடு போட்டு முடிக்கலாம் என்று ஏறியிருக்கிறார். என் வரைபடப்படி கோடு ஃபைபர் ஷீட்டுகளை ஒட்டியே ஓடியது. நூலை இழுத்துப் பிடித்துப் பின்பக்கமாக ஓரடி வைத்தபோது ஃபைபர் ஷீட் உடைந்து, இருபதடிக்கும் கீழே இருந்த சிமென்ட் தரையில் விழுந்தார். உயிர் தப்பியது. முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மருத்துவமனைச் செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. விபத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். யாரும் என் வரைபடத்தைக் கேட்கவில்லை. மறுநாள் நானே அந்தக் கோப்பைத் திறந்து, இருநூற்றைம்பதை அழித்து அறுநூறு என்று தட்டி, அதே பெயரில் சேமித்தேன். அடுத்து ஏறுபவர்களுக்காகச் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய எண் எங்கும் மிஞ்சக்கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்ததை இன்று மறைக்கப் போவதில்லை. பன்னிரண்டு பேனல் குறைந்ததைப் பற்றி உரிமையாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலிலேயே முடியாது என்று சொல்லியிருந்தால் அன்றும் அவர் தலையாட்டியிருக்கக் கூடும்.

அவரைப் பார்க்கப் போக எனக்கு ஐந்து மாதம் ஆனது. கொள்ளேகால் வழியாக ஹனூர் பஸ்ஸில் போனேன். முன்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் இருந்தார். தோள்கள் வற்றிப்போய், முகம் மட்டும் அப்படியே. மனைவி காபி கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்கு மாட்டைக் கவனிக்கப் போனார். அண்ணா என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்:

"அந்தக் கூரையில எல்லாம் மாட்டி முடிச்சாச்சுங்களா?"

"முடிச்சாச்சு அண்ணா."

"நடக்க எடம் உட்டீங்களா?"

"விட்டேன். ரெண்டடி."

"அப்பச் சரிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த "சரி"யை என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணா, நீங்க கூப்பிட்டப்ப நான் பார்த்தேன். ரெண்டு தடவையும் பார்த்துட்டேதான் எடுக்கல" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார், கண்ணைத் திறக்காமலே. "உங்க போனு எப்பவும் மேசை மேலதான இருக்கும்."

"அப்புறம் ஏன் ஏறினீங்க? இறங்கி வந்திருக்கலாமே?"

கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார். "படத்தப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சுங்க, கால் வெக்க எடமில்லைன்னு. கோடு போட வந்த ஆளுங்க ரெண்டு பேரும் வேலைக்குச் சேந்து ஒரு வாரந்தான் ஆச்சு. எந்த ஷீட்டு எதுன்னு அவுங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால அவுங்களக் கீழ நிக்கச் சொல்லிட்டு நானே ஏறுனேன். தெரிஞ்ச கூரைதானேன்னு ஒரு நெனப்பு. அவ்வளவுதான்." நான் அழ ஆரம்பித்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. கையை மட்டும் தூக்கி, போதும் என்பதுபோல் அசைத்தார். "இத யாருகிட்டயும் சொல்லிட்டுத் திரியாதீங்க அம்மிணி. வேலை போயிரும். ஒருத்தரு வேலை போனது போதும்."

அவர் சொன்னபடியே நடந்துகொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதன்பின் இரண்டு தடவை போனேன். கூரைகளைப் பற்றிப் பேசினோம், அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம், அந்தக் காலையைப் பற்றிப் பேசவில்லை. விழுந்த மூன்றாம் வருடம் படுக்கைப் புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சல் ஏறி, ஒரு வாரத்தில் போய்விட்டார். இன்றும் நான் அதே மாடியில் அதே வேலையைத்தான் செய்கிறேன். இப்போது எங்களிடம் இருக்கும் மென்பொருள் நடைவழியைத் தானாகவே விட்டுக்கொள்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது ஒரு வசதி, அவ்வளவே. நான் மட்டும் அந்த எண்ணைத் தொட யாரையும் விடுவதில்லை. எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவரைப் பார்த்தவர்கள் அலுவலகத்தில் இப்போது இரண்டே பேர்.

காரியத்துக்கு மறுவாரம் ஹனூருக்குப் போனேன். வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையில் அதன் கால்கள் நின்ற நான்கு இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. இனி யாருக்காகவும் மறைக்க வேண்டியதில்லை என்று நினைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு பேனல், இருநூற்றைம்பது, எடுக்காத இரண்டு அழைப்புகள், அவர் தெரிந்தே ஏறியது. அந்த அக்கா குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் திட்டுவார், அல்லது கட்டிக்கொண்டு அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுமில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"கவனமில்லாம கால வெச்சாருன்னு காயிதத்துல எழுதி அனுப்புனாங்க. மூணு வருசமா அவரத்தான் திட்டுனேன். பீ மூத்தரம் எடுக்கறப்பெல்லாம் திட்டுனேன். கண்ணு எங்க போச்சு, பாத்து வெக்கத் தெரியாதான்னு. ஒரு நாளு கூட அவரு வாயத் தெறக்கல."

தரையில் வெளுத்திருந்த ஓர் இடத்தைக் கையால் தடவினார்.

"அவரு இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு எழுந்து, "கடைசி பஸ்ஸு அஞ்சு மணிக்கு. கெளம்புங்க" என்று என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.