மாப்பிள்ளை ஜோடித்த தோணி

முதுநகரில் என் மாமனார் வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தால் டிவி சத்தம் குறையும். நாற்காலியில் இருக்கும் மச்சான் எழுந்துகொள்வான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன், நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு, "வாங்க மாப்ள" என்று பவ்யமாக நிற்பான். ஏதோ கலெக்டர் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நான் அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக ஆபீசில் ஃபைல்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாற்றுகிற ஆள்.

இந்த மரியாதைக்குக் காரணம் நான் இல்லை, என் மனைவியின் அக்கா புருஷன். ஒரு கறி விருந்தில் மச்சான் விளையாட்டாக அவருடைய தொப்பையைப் பற்றி ஏதோ சொல்ல, மனுஷன் இலையை விட்டு எழுந்து போய்விட்டார். அதன்பிறகு அவரும் வரவில்லை, அக்காவையும் அனுப்பவில்லை. அன்றைக்கு அந்த வீடு வாயைத் தைத்துக்கொண்டது. 2008இல் நான் இரண்டாவது மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது அந்தத் தையல்தான்.

நான் ஒற்றைப் பிள்ளை. கல்யாணம் ஆனால் வாடா போடா என்று பேச ஒரு மச்சான் கிடைப்பான் என்று ஆசையோடு இருந்தவன். சாம்பாரில் உப்பு இல்லை என்று நான் சொன்னால், "ஆமாங்க மாப்ள, சுத்தமா இல்ல" என்பான். உப்பு போதும் என்று மனைவி சொன்னால் அவளை முறைப்பான். எனக்கு அழுகையே வரும்.

மார்கழியில் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரி நிறைந்து, சிறவி என்று நாங்கள் சொல்லும் காட்டு வாத்துகள் வந்து இறங்கும். மச்சான் தன் சின்னத் தோணியில் போய் வேட்டையாடுவான் என்று மனைவி மூலம் தெரிந்தது. நானும் வருகிறேன் என்றேன். "சேறா இருக்கும் மாப்ள" என்று இழுத்தான். விடவில்லை. சிறவியைச் சுடுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு தப்பைச் செய்தால் தானாக நெருக்கம் வந்துவிடும் என்பது என் கணக்கு. தவிர, மச்சானின் துப்பாக்கி சில்வர் பீச்சில் பலூன் சுடும் கடை வைத்திருக்கும் நண்பனிடம் இரவல் வாங்கியது. அதில் பலூனே ஒழுங்காக உடையாது.

சும்மா போய் உட்கார்ந்தால் விருந்தாளி ஆகிவிடுவேன். அதனால் தோணியைத் தயார் செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெள்ளைக்காரர்கள் வாத்து வேட்டைக்குப் படகை எப்படி ஜோடிக்கிறார்கள் என்று படித்தேன். படகு புதர் மாதிரி தெரிய வேண்டுமாம். தண்ணீரில் பொய் வாத்துகளை மிதக்க விட வேண்டுமாம். படித்ததும் தோணி விஷயத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை முதுநகர் போய் வேலையைத் தொடங்கினேன். மச்சான் ஆசையாக அடித்து வைத்திருந்த நீல பெயின்ட்டின் மேல் சேற்று நிறத்தைப் பூசினேன். "உங்க இஷ்டம் மாப்ள" என்றான். தோணியின் நான்கு மூலையிலும் சவுக்குக் கழி நட்டு, ஆள் உயரத்துக்குக் கோரைத் தட்டி கட்டச் சொன்னேன். ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தான், தட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்று கட்டினான். தெர்மோகோலில் நானே வெட்டிக் கறுப்படித்த ஆறு வாத்துகளை வெயிலில் காய வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "இஸ்திரிப் பெட்டியெல்லாம் எதுக்கு?" என்றாள். மச்சான் சிரிப்பை அடக்க வீட்டுக்குப் பின்னால் போனான். என் முன்னால் சிரித்திருந்தால் அவனைக் கட்டிப் பிடித்திருப்பேன்.

மாப்பிள்ளை தரையில் உட்காரக் கூடாது என்று அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தோணியில் வைத்தார். மாமா குடையைச் செருகினார். இட்லி நிறைந்த டிபன் கேரியர், பிளாஸ்க், தண்ணீர் கேன் எல்லாம் ஏறின. கல்யாண சீர்வரிசையில்கூட இவ்வளவு வரவில்லை.

மறுநாள் விடியும் நேரம் குட்டியானை வண்டியில் தோணியை ஏற்றிப் போய் ஏரியில் இறக்கினோம். நான் நாற்காலியில் அமர்ந்தேன். மச்சான் பின்னால் நின்று கழியை ஊன்றித் தள்ளினான். கரையோரம் இருந்தவரை ஊர்வலம் பிரமாதம். திறந்த தண்ணீருக்கு வந்ததும் வாடைக்காற்று கோரைத் தட்டியில் மோதியது. நான் கட்டியது புதர் இல்லை, பாய்மரம். தோணி ஒரு சுற்றுச் சுற்றிச் சிறவிக் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்தது. கயிற்றில் கட்டிய இஸ்திரிப் பெட்டிகள் ஆறும் பின்னாலேயே ஓடி வந்தன. ஒரு பறவை பாக்கியில்லாமல் எழுந்து பறந்தது.

தட்டியைப் பிடுங்கி எறியலாம் என்று நான் எழுந்தேன்.

"உக்காருங்க மாப்ள. மாப்ள, உக்காருங்க. டேய், உக்காருடா முண்டம்!"

அதற்குள் தோணி கவிழ்ந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் நான் விழுந்த விதத்துக்குக் கடலே தேவைப்பட்டிருக்கும். சேற்றைத் துப்பிக்கொண்டு எழுந்தபோது மச்சான் எதிரில் நின்றான். "வாடக் காத்துல எவனாவது தட்டி கட்டுவானாடா? தோணியில நாக்காலி போட்டு உக்கார்ற ஒரே ஆளு நீதான்டா! அறிவு இருக்கா?" என்று வெளுத்து வாங்கினான். திடீரென்று நிறுத்தினான். முகம் வெளிறியது. அக்கா வராமல் போன வருஷங்கள் எல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். "மன்னிச்சிடுங்க மாப்ள. வாய் தவறி வந்துடுச்சி. தங்கச்சிகிட்ட ஒண்ணும் கோச்சுக்காதீங்க" என்று கையைக் கூப்பினான்.

நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அவனைத் தேற்றலாம் என்று வாயைத் திறந்தேன். தேற்றினால் மறுபடி மாப்பிள்ளை ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

"காத்தடிக்கும்னு தெரிஞ்சவன் நீ, நேத்தெல்லாம் வாயில என்னடா கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கத்தினேன்.

மச்சான் என்னையே பார்த்தான். பிறகு ஏரியே அதிரும்படி சிரித்தான். காலால் சேற்றைத் துழாவித் துப்பாக்கியைக் கண்டுபிடிக்கும்வரை மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டோம். இட்லி முழுக்க மீனுக்குப் போனது.

வீட்டு வாசலில் எங்களைப் பார்த்து அத்தை பதறிவிட்டார். "ஐயையோ, மாப்ள!" என்று துண்டோடு என்னிடம் ஓடி வந்தார்.

"அவன் கெடக்கறான், எனக்குக் குடும்மா மொதல்ல" என்று மச்சான் நடுவில் பிடுங்கிக்கொண்டான். அத்தை திகைத்து என் முகத்தைப் பார்த்தார். நான் இளித்துக்கொண்டு நின்றேன். அவன் தன் தலை, காது, அக்குள் எல்லாம் நிதானமாகத் துடைத்துவிட்டு, சொட்டச் சொட்ட அந்தத் துண்டை என் மேல் எறிந்தான். சேறும் வேர்வையும் நாறியது. அதிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுதது யாருக்கும் தெரியவில்லை.